கடலை சேராத பிள்ளை

ஆயா வேலை என்பது முக்கால்வாசி மூடி திறக்கிற வேலை. மீதிக் கால்வாசி, உள்ளே இருப்பதைப் பார்த்து முகத்தை மாற்றாமல் இருக்கிற வேலை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யூ.கே.ஜி. வகுப்புக்கு நான் ஆயா. நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். மகன் திருப்பூரிலும் மகள் வெள்ளகோவிலிலும் குடும்பமாகிவிட்டார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து சாமியைக் கும்பிடுவதைவிட, குழந்தைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு கும்பிடலாம் என்று இந்த வேலைக்கு வந்தேன். பத்தரைக்கு பெல் அடிக்கும். இருபது நிமிஷத்துக்குள் இருபத்தெட்டு டப்பாவைத் திறந்து, ஊட்டி, துடைத்து, மூட வேண்டும். காலையில் ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் கரண்டியுமாக நிற்கிற தாய்மார்களே, நீங்கள் அழுத்தி மூடுகிற மூடியைத் திறக்கிற கை என்னுடையது. நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். நான் பட்டதைக் கொஞ்சம் சொல்லுகிறேன், கேளுங்கள்.

கேரட்டுக்கு அடியில்

எங்கள் பள்ளிக்கூடத்தில் தின்பண்டத்துக்கும் டைம்டேபிள் உண்டு. திங்கள் பழம், செவ்வாய் சுண்டல், புதன் காய், வியாழன் ஆவியில் வெந்தது. பாக்கெட்டில் வருவது எதுவும் கூடாது. இதை எழுதி, டைரியில் ஒட்டி, அப்பா அம்மா இரண்டு பேரிடமும் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட கையே மறுநாள் என்ன செய்யும் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும்.

பிரணவ் என்று ஒரு பையன். புதன்கிழமை தவறாமல் கேரட் கொண்டுவருவான். வட்ட வட்டமாக, அழகாக நறுக்கியிருக்கும். ஆனால் ஒரு துண்டுகூடக் குறையாமல் அப்படியே திரும்பிப் போகும். பிள்ளை பசியோடு இருக்கிறானே என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டப் பார்த்தேன். ஸ்பூனை விட்டால் கேரட்டுக்கு அடியில் பேப்பர், பேப்பருக்கு அடியில் கிரீம் பிஸ்கட். நான் திகைத்துப் போய் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து, ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி மெதுவாகச் சொன்னான்: "ஆயாம்மா, மேல இருக்கறது மேடத்துக்குங்க. கீழ இருக்கறதுதான் எனக்கு."

நாலாக மடித்த தாள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டாவது நாள், நிலா வந்தாள். அம்மா பெயர் கவிதா. பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிற பெண். கடையில் கொடுத்த யூனிபார்ம் சேலையோடு, வேலைக்குப் போகிற அவசரத்தில்தான் வந்தாள். நாலாக மடித்த ஒரு தாளை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மிஸ்ஸிடம் சொன்னதையெல்லாம் மறுபடியும் எனக்காக முதலிலிருந்து சொன்னாள். நிலாவுக்கு நிலக்கடலை சேராது. ஒன்று தின்றாலும், பொடியாகப் போனாலும், கடலை தின்ற கையைக் கழுவாமல் ஊட்டினாலும் ஆபத்து. உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். அப்படி ஆனால் யாருக்கும் போன் பண்ணி நேரத்தை வீணாக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு வயதில் ஒரு தடவை அப்படி ஆகி, பிழைத்ததே பெரிய காரியம்.

நான் தலையை ஆட்டினேன். ஆனால் உண்மையைச் சொல்லுகிறேன், மனசு ஆடவில்லை. நாங்களெல்லாம் விதைத்த காட்டில் கடலைக்காய்ச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிவிட்டு அங்கேயே நின்று தின்றவர்கள். எங்கள் குழம்பு கடலை எண்ணெய், எங்கள் சட்னி கடலை. அது ஒரு பிள்ளையின் மூச்சை நிறுத்தும் என்றால் எப்படி நம்புவது? இந்தக் காலத்துத் தாய்மார்களுக்கு பயம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் கோபப்படவில்லை. இதைப் பல பேர் முகத்தில் பார்த்துப் பழகினவள் மாதிரி சொன்னாள்: "நீங்க நம்பலைன்னாலும் பரவால்லீங்க ஆயாம்மா. நம்பற மாதிரி நடந்துக்கோங்க, அது போதும்."

எங்க காட்டுக் கடலை

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் டைம்டேபிள் வேறே. அன்றைக்கு ஒரு அம்மா முறை. முறை வருகிற அம்மா வகுப்பு முழுவதுக்கும் வீட்டில் ஏதாவது நல்ல தின்பண்டம் செய்து எடுத்துவந்து, தானே பரிமாற வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படித் தின்கிறது என்று பெற்றவர்களும் பார்க்கட்டும் என்று பெரிய மேடம் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்காக ஒரு சனிக்கிழமை தாய்மார் கூட்டம் போட்டார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டு நின்றேன். என்ன செய்யலாம் என்று கேட்டதும் பத்துப் பேர் ஒரே மூச்சில் சொன்னது கடலை உருண்டை.

கவிதா கடையில் அரைமணி பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். உட்காரக்கூட இல்லை. நின்றவாக்கில் விஷயத்தைச் சொன்னாள். அப்புறம் தொண்டாமுத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற சுகன்யா எழுந்தாள். சொந்தத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டு மருமகள். வாய் கொஞ்சம் சத்தம், மனசு தங்கம். தென்னந்தோப்பில் யானை புகுந்த மறுநாள்கூட பிள்ளைக்குச் சுண்டல் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். கூட்டம் முடியும்போது, வெள்ளிக்கிழமைகளில் கடலை கிடையாது என்றும், அதற்கு மேலும் ஜாக்கிரதையாக நிலா எல்லா நாளும் தன் வீட்டு டப்பாவில் வருவதையே தின்பாள் என்றும் முடிவானது. ஆனால் சுகன்யா கேட்டதுதான் என் மனசிலும் இருந்தது. "கடையில வாங்குற கடலைன்னாச் சரிங்க. மருந்தடிக்காத எங்க காட்டுக் கடலை எப்படிங்க ஒரு குழந்தைக்கு ஆகாமப் போகும்?"

உரித்த பழம்

ஒரு வெள்ளிக்கிழமை முறைக்கு அம்மா வரவில்லை, அப்பா வந்தார். லேத் பட்டறை வைத்திருக்கிறவர். கையைச் சோப்புப் போட்டு எத்தனை கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அதை மறைக்கிறதுக்காகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். பெரிய எவர்சில்வர் தூக்கில் நாட்டு வாழைப்பழம். மூடியைத் திறந்தால் முப்பது பழமும் உரித்து அடுக்கியிருக்கிறது. காலை ஆறு மணிக்கே உரித்தாராம். பத்தரைக்குப் பழமெல்லாம் கறுத்துக் குழைந்து கிடந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

அந்த மனுஷர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சமையல் மேடைக்கு எடுத்துப்போய், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டுப் பிசைந்து கிண்ணத்தில் கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லை. அவர் தூக்கைக் கழுவிக்கொண்டே யாருக்கோ சாட்சி சொல்லுகிற மாதிரி சொன்னார்: "ஆயாம்மாவுக்கு இருவத்தெட்டுத் தோல் உரிக்கிற வேலை மிச்சமாகட்டும்னுதானுங்க உரிச்சேன்."

கடைசி பெஞ்ச்

மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரே பண்டத்தைத் தின்கிற வெள்ளிக்கிழமைகளில், நிலா கடைசி பெஞ்சில் அவள் டப்பாவோடு உட்காருவாள். பக்கத்தில் நான். எப்போதும் குட்டி இட்டிலி, நெய்யும் சர்க்கரையும். அது அவளுக்குப் பிடிக்கும். ஆனால் பார்வை வட்டத்தின் மேலேயே இருக்கும். யார் எத்தனை வாங்கினார்கள், யார் இரண்டாவது தடவை கை நீட்டினார்கள் என்று எனக்கு ஒப்பிப்பாள். அழமாட்டாள், கேட்கமாட்டாள். கேட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் அவளுக்கு ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பேன். பாதிக் கதையில் ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஐந்து வயதுப் பிள்ளை, பெரிய மனுஷி மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஆயாம்மா, எல்லாரும் தின்னறதை நானும் ஒரே ஒரு நா தின்னோணும்."

தினை மாவு

இனி வருவதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீதி முருகன் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் பஸ் ஏறுவேன். அன்றைக்குக் கிருத்திகையும் சேர்ந்துவந்தது. பூசாரி தினை மாவை உருண்டை பிடித்து, தொன்னையில் வைத்துக் கொடுத்தார். கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பிரசாதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம், என்ன என்றும் கேட்கமாட்டோம். கை நீட்டுவோம், வாயில் போடுவோம், கையைத் தலையில் தடவிக்கொள்வோம். உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

அன்றைக்கு சுகன்யா முறை. கூட்டத்தில் அப்படிப் பேசினவள், வீட்டில் கடலை எண்ணெய்ச் சட்டியைத் தொடாமல், புதுப் பாத்திரம் வாங்கி, ராகிக் கொழுக்கட்டை அவித்து எடுத்துவந்திருந்தாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தன. நிலா வழக்கம்போலக் கடைசி பெஞ்சில். அவள் பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை. முந்தானையை அவிழ்த்து, உருண்டையில் ஒரு விள்ளல் எடுத்தேன். பிட்டுப் பார்த்தேன்; நிலக்கடலை ஒன்றும் கண்ணில் படவில்லை. தினை, வெல்லம், தேன் வாசம். சாமி கொடுத்தது குழந்தையை ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். இல்லை, நினைக்கக்கூட இல்லை. அதில் நினைக்கவே ஒன்றுமில்லை என்று இருந்தேன். அவள் வாயில் வைத்தேன். சப்புக்கொட்டினாள். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, உதட்டைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்: "ஆயாம்மா, வாயி நமநமங்குது. எனக்கு அம்மா வேணும்."

டாக்டர் கேட்டது

உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, இருமல் பிடித்துக்கொண்டது. இருமலுக்கு நடுவில் மூச்சு விசில் மாதிரி வந்தது. நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிஸ் பின்னால் ஓடிவந்தார். கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும், எங்கே என்றுகூடக் கேட்காமல் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி அந்த ரோட்டுக் கடைசியில்தான். அந்தத் தூரம் எத்தனை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. முருகா என்று சொல்ல வாய் எடுத்தேன். அவன் பேரில்தானே இதைக் கொடுத்தேன் என்று நினைவு வந்ததும் சொல் வரவில்லை. நிலா என் தோளைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் மூடி வைத்தார்கள். ஒருத்தர் நாடி பார்த்தார், ஒருத்தர் கையில் ஊசி குத்தினார். டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். வேலையை நிறுத்தாமலே, "என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். மிஸ், "இன்னைக்கு ஒரு அம்மா கொழுக்கட்டை கொண்டுவந்தாங்க, அதுலதான் ஏதோ..." என்று ஆரம்பித்தார். மிஸ் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். ஒரு மூச்சு நேரம் நான் சும்மா நின்றேன். அந்த ஒரு மூச்சு நேரத்தை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். அப்புறம் சொன்னேன்: "கொழுக்கட்டை இல்லீங்க. நான்தானுங்க கோவில் பிரசாதம் குடுத்துப்போட்டேன்." முந்தானையில் மிச்சம் இருந்ததை அவிழ்த்துக் காட்டினேன். டாக்டர் விரலில் தொட்டு, முகர்ந்து பார்த்தார். வறுத்த நிலக்கடலையைப் பொடித்துக் கலந்திருந்தார்கள். அவர் சொன்ன பிறகுதான் அந்த வாசம் எனக்கே தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. "சாமி குடுத்ததா இருந்தாலும் வாய்க்குள்ள போனா அது சாப்பாடுதாங்கம்மா," என்றார்.

கடைச் சேலை

கவிதா ஓடிவந்தாள். கடைச் சேலை, நெஞ்சில் பேர் எழுதின அட்டை, காலில் செருப்பில்லை. கடைக்குள் விரித்த துணிமேல் நிற்க வேண்டுமென்று கழற்றிப்போட்டதை மாட்டாமலே வந்துவிட்டாள். அதற்குள் நிலாவின் மூச்சுச் சத்தம் குறைந்திருந்தது. ஆனாலும் ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும், மறுபடியும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை கை நீட்டியது. கவிதா அழவில்லை. பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதை எண்ணுவது மாதிரி நின்றாள்.

நான் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என்ன கொடுத்தேன், எத்தனை கொடுத்தேன், ஏன் கொடுத்தேன். ஏன் என்பதைச் சொல்லும்போது மட்டும் கையை உயர்த்தி, வேண்டாம் என்று நிறுத்தினாள். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அதை வாங்கிக்கொண்டால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று இருந்தது எனக்கு. அந்தச் சௌகரியத்தை அவள் எனக்குத் தரவில்லை. பிள்ளை மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உங்களைத் திட்டறதுக்குக்கூட எனக்கு இப்பத் தெம்பு இல்லீங்க. கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க."

பேசி அனுப்பியது

மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். கேட்டுக்குப் பக்கத்தில் சுகன்யா ஸ்கூட்டர் மேல் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். தாய்மார்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் எல்லாம் வந்துவிட்டதாம். தொண்டாமுத்தூர்க்காரி கொழுக்கட்டையில் வேண்டுமென்றே கடலை போட்டாள், கூட்டத்திலேயே எதிர்த்துப் பேசினவள்தானே என்று. வீட்டுக்குப் போன் பண்ணி மாமியாரிடம் மாவு எந்த மில்லில் அரைத்தது, முன்னால் அங்கே என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, அந்த அம்மாவும் அங்கே அழுகிறதாம்.

நேரே பெரிய மேடத்தின் ரூமுக்குப் போனேன். என்னை வேலையை விட்டு அனுப்புங்கள், அதற்கு முன்னால் அந்தக் குரூப்பில் கொடுத்தது நான்தான் என்று எழுதுங்கள் என்றேன். நீங்களே பேசுங்கள் என்று மேடம் போனை என் வாய்க்கு நேரே பிடித்தார். எனக்குப் போனில் பேசிப் பதிய வைத்துப் பழக்கமில்லை. கைகூப்பிக்கொண்டே பேசினேன். "நான் யூ.கே.ஜி. ஆயா பேசறனுங்க. சுகன்யா அம்மணி மேல ஒரு தப்பும் இல்லீங்க. கொழுக்கட்டையை அந்தப் புள்ள தொடவே இல்லீங்க. கோவில்ல குடுத்ததை என்னன்னு கேக்காம நான்தான் ஊட்டிப்போட்டேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க." வெளியே வந்தேன். சுகன்யா போனைக் காதில் வைத்து என் குரலை இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நானே என் மேல சந்தேகப்பட்டுட்டு நின்னுட்டு இருந்தனுங்க ஆயாம்மா. நீங்க சொல்லாம உட்டிருந்தா, சாகற வரைக்கும் நான்தான்னு நெனச்சிருப்பேன்."

என் பக்கம், உன் பக்கம்

நிலா பிழைத்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய், பத்தாம் நாள் பள்ளிக்கூடம் வந்தாள். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று பெரிய மேடம் கவிதாவைத்தான் கேட்டார். "இருக்கட்டுங்க. ஆனா எம் புள்ள பக்கத்துல வேண்டாம்," என்றாளாம். நியாயம்தான். அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். நிலாவின் டப்பாவைத் திறக்கப் பக்கத்து வகுப்பு ஆயா ரமணி வருவாள். நான் வகுப்பின் இந்தப் பக்கம், நிலா அந்தப் பக்கம்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொள்வேன். எனக்காக வேண்ட நாக்கு எழவில்லை. முந்தானையில் எதையும் முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குள் வருவதில்லை; வாசல் குழாயில் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பேன். நிலாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒருநாள் ரமணி தண்ணீர் எடுக்கப் போன சமயம், வகுப்பின் நடுவில் வந்து நின்று, தரையில் இருக்கிற கட்டத்தின் கோட்டைத் தாண்டாமல் கேட்டாள்: "ஆயாம்மா, நீங்க எம் பக்கம் வரக்கூடாதாம். நான் உங்க பக்கம் வரலாமா?"

அவல் உருண்டை

அரைப்பரீட்சை லீவு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, கவிதாவின் முறை வந்தது. பட்டுக்கடையில் வெள்ளிக்கிழமைதான் கூட்டம். இருந்தும் லீவு போட்டு வந்திருந்தாள். பெரிய சம்படம் நிறைய அவல் உருண்டை. அன்றைக்கு எல்லாரோடும் வட்டத்தில் நிலாவும் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு உருண்டை. பக்கத்தில் பிரணவ், எதிரில் சுகன்யாவின் மகன். எதுவும் பேசவில்லை அவள். வாய் நிறையத் தின்பதற்கே நேரம் சரியாக இருந்தது. நான் இந்தப் பக்கச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நான் துடைத்ததை யார் பார்த்தார்களோ தெரியாது.

எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கவிதா நேராக என்னிடம் வந்தாள். அத்தனை மாதத்துக்கு அப்புறம் என் முன்னால் அவள் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. ஒரு உருண்டையை நீட்டினாள். நான் கை நீட்டினேன். நீட்டின கை பாதியில் நின்றது. வாய் தானாகக் கேட்டுவிட்டது: "இதுல என்னென்னங்க சேர்த்திருக்கீங்க, அம்மணி?" பக்கத்தில் நின்ற ரமணி, பெற்றவளிடமே போய் இப்படிக் கேட்கிறாயே என்று என் இடுப்பில் இடித்தாள். எனக்கும் உடம்பு கூசிப்போயிற்று. கவிதா சம்படத்தைப் பெஞ்சு மேல் வைத்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னாள். சிகப்பு அவல். தேங்காய். நாட்டுச் சர்க்கரை. ஏலக்காய். நெய், வீட்டில் உருக்கினது. வறுத்த வாணலி தனி. அரைத்த மிக்ஸி ஜார் தனி. விரல் முடிந்ததும் உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. "மூணு வருசமா நான்தானுங்க பாக்கறவங்களையெல்லாம் இதுல என்ன, அதுல என்னன்னு கேட்டுட்டுத் திரியறேன். என்னைத் திருப்பிக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

இப்போதெல்லாம் கோவிலிலும் கை நீட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன்; பூசாரி முகத்தைச் சுளிக்கிறார், சாமி இதுவரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.